வோற்று அரைவாசி, வாற்று கால்வாசி

டீச்சர்,

நேற்று ஒரு பல்ப் வாங்கப்போய்க் கடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன். திருகோணமலைப் பட்டினத்தில், மீன்சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிற கடை. "எத்தனை வோற் பல்ப் வேணும்?" என்று கேட்டார். "வோற் இல்லை, வாற். அறுபது வாற்" என்றேன். "அதைத்தானே நானும் சொல்லுறன், அறுபது வோற்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக இதைத்தானே படிப்பித்துத் தொண்டை வறண்டு கிடக்கிறேன். ஊர் திருந்தின மாதிரித் தெரியவில்லை.

அவர் பெட்டியைப் பிரித்து, மேசையில் இருந்த ஹோல்டரில் பல்பை மாட்டி எரியவிட்டுக் காட்டினார். கனகாலம் தட்டில் கிடந்த பல்ப் போல. மேலே படிந்திருந்த தூசி சூடேறிக் கருகி ஒரு வாசம் வந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், மனிதர் பயந்துபோனார். "ஐயோ டீச்சர், அழாதேங்கோ. நீங்கள் சொல்லுற மாதிரி வாற் எண்டே வைச்சுக்கொள்ளுவம்" என்றார். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாசம் போகவில்லை. அதுதான் எழுத உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். எப்படித் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் உங்களுக்கு டீச்சர், நீங்கள் எனக்கு டீச்சர். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பாடம் படிப்பித்த இரண்டு பேர், ஒருத்தரையொருத்தர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மூதூருக்கு மாற்றம் வந்தபோது நான் அழுதுகொண்டுதான் லோஞ்ச் படகில் ஏறினேன். வெள்ளைக்காரன் கடற்படையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் வீடு பாலையூற்றில். இவருக்குத் துறைமுகத்தில் வேலை. நடுவில் ஒரு குடாக்கடல். கிழமை முழுக்க மூதூரில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் லோஞ்சில் வீட்டுக்கு வருவேன். முதல் நாள் ஆசிரியர் அறையில் வாசலைப் பார்த்தபடி ஒரு கதிரையில் உம்மென்று இருந்த எனக்கு முன்னால், ஒரு வெள்ளைச் சேலைக்காரி தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தார். "குடிங்க டீச்சர். கடல் எங்கயும் போகாது, வெள்ளிக்கிழமையும் அங்கதான் இரிக்கும்" என்றீர்கள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

விஞ்ஞானம் இங்கிலிசிலிருந்து தமிழுக்கு மாறிய புதுசு அது. இருவரும் இங்கிலிசில் படித்துவிட்டுத் தமிழில் படிப்பிக்கத் தடுமாறினோம். புதுப் புத்தகத்தில் வோல்ட்டுக்கு உவோற்று, வாட்டுக்கு உவாற்று. ஓர் இரட்டைக்கொம்பு விட்டுப்போனால் ஒன்று மற்றதாகிவிடும். பிள்ளைகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி எங்கள் சிவப்பு மையைத் தீர்த்தார்கள். ஓம் என்ற அலகு வந்தபோது நிலைமை இன்னும் மோசம். "தடையை அளக்கிற அலகு ஓமா?" என்று நீங்கள் கேட்க, "ஓம் டீச்சர்" என்று வகுப்பு முழுக்கக் கத்த, "இந்த ஓம் ஆமாவா, அலகா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க, அடுத்த வகுப்பில் நின்ற என் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு என் பாடம் அதோடு போச்சு.

வாயால் சொல்லி ஏலாது என்று கண்டதும் நீங்கள் கரும்பலகையில் மூதூர் ஜெட்டியை, அந்தப் படகுத்துறையைக் கீறினீர்கள். லோஞ்ச் ஒரு பக்கம், சனம் மறுபக்கம், நடுவில் ஏறிப்போகிற பலகை. "பின்னால நிண்டு தள்ளுறாங்களே, அந்தத் தள்ளுதான் வோற்று. பலகையால ஏறிப் போற ஆக்கள்தான் அம்பியர். பலகை எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு தடை. தள்ளையும் ஆக்களையும் பெருக்கினா வாற்று" என்றீர்கள். வாசலில் நின்று பார்த்த தலைமையாசிரியர், "இதென்ன டீச்சர், ஜெட்டியா பௌதிகமா?" என்று கேட்டார். "ரெண்டுலயும் தள்ளுப்பட்டாத்தான் சேர் கரை சேரலாம்" என்றீர்கள். மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் வெட்கமில்லாமல் அதே ஜெட்டியைத்தான் கீறிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் வாடைக்காற்று முந்திக்கொண்டது. என் வயிற்றில் இருந்ததும் முந்திக்கொண்டது. முதல் பிள்ளை பிறந்து கையில் தங்கவில்லை என்பது உங்களுக்கு மட்டும் நான் சொல்லியிருந்த கதை. இரண்டாவதை லீவு எடுத்துப் பாலையூற்று வீட்டில் போய்ப் பெறுவதாகத்தான் திட்டம். ஆனால் மாதம் நிறைவதற்கு நிறைய முன்பே, கடல் லோஞ்ச் ஓட விடாமல் கொந்தளித்த ஒரு விடியலில், மூதூரின் சின்ன மகப்பேற்று மனையில் அவள் பிறந்துவிட்டாள். தரைவழியில் போவதற்கும் வெள்ளம், ஆறுகளைக் கடக்கிற பாதைப்படகுகளும் ஓடவில்லை. பெரியாஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம், பிள்ளையின் தகப்பனும் அந்தப் பக்கம். இரத்தம் நிறையப் போய் நான் எழும்ப ஏலாமல் கிடந்தேன். பிள்ளையை ஒரு கணம் காட்டினார்கள். என் உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம். மருத்துவிச்சியம்மா அவளுடைய காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு போதாது. சூட்டில வைச்சிருந்தாத்தான் பிள்ளை தப்பும்" என்றார். மாதாவே, இதையும் எடுத்துவிடாதே என்று கும்பிட்டபடி கிடந்தேன்.

மருத்துவிச்சியம்மா கெட்டிக்காரி. தான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில் மரப்பெட்டிக்குள் அறுபது வாற்று பல்ப் இரண்டை எரியவிட்டு மாதம் போதாத பிள்ளைகளை வைத்திருந்ததைக் கண்டவர். ஒரு தேயிலைப் பெட்டியைத் துடைத்துப் பஞ்சு பரப்பினார். ஆனால் மூதூரில் அப்போது அரசாங்க மின்சாரம் ஏது? பக்கத்து நெல் மில்லின் முதலாளி ஹாஜியார், கடற்படைச் சாமான்கள் ஏலம் போனபோது ஒரு ஜெனரேற்றரை வாங்கிவந்து வைத்திருந்தார். அதிலிருந்து மில்லுக்கும், பள்ளிவாசலுக்கும், மகப்பேற்று மனையின் முன்னறைக்கும் வயர் இழுத்திருந்தார். பின்னேரங்களில் மட்டும் ஓடுகிற அதை அன்று காலையிலேயே ஓட்டச் சொன்னார். முன்னறைப் பல்ப்கள் இரண்டையும் பெட்டிக்குள் இறக்கினார்கள். நான் கிடந்தது பின்னறையில். நடுவில் கூரைவரை எட்டாத பலகைத் தட்டி. எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் கேட்கும்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். நனைந்த குடையை உதறுகிற சத்தம், பிறகு உங்கள் குரல். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தீர்கள். பெட்டி சூடாகவில்லை. பல்ப் இரண்டும் மங்கிப்போய் எரிந்தன. நீங்கள் மில்லுக்கு ஓடி ஜெனரேற்றரில் அடித்திருந்த தகட்டை வாசித்துவிட்டு வந்து தட்டிக்கு மேலால் கத்தினீர்கள்.

"டீச்சர், முழிச்சிருக்கீங்களா? ஜெனரேற்றர் நூற்றிப்பத்து வோற்று. பல்ப் இருநூற்றிமுப்பது வோற்றுக்குச் செஞ்சது. கிட்டத்தட்டப் பாதி. அப்ப அறுபது வாற்று பல்ப் முப்பதுதான் தரும். ரெண்டுக்குப் பதிலா நாலு போட்டாச் சரி."

எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. "ஓம், போடுங்கோ" என்றேன்.

மில் ஆள் ஒருவரைக் கடைக்கு அனுப்பினீர்கள். "அறுபது வாற் பல்ப் ரெண்டு" என்று தெளிவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர் போய் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, "அறுபது வோற் பல்ப் அங்க இல்லையாம் டீச்சர். எல்லாம் இருநூற்றிமுப்பது வோற்தானாம்" என்றார். நீங்கள் ஒருநாளும் ஏசாத ஆள். அன்றைக்கு அந்த மனிதருக்கு ஏசின ஏச்சைக் கேட்டு, அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "வோற்றுமில்ல கோதாரியுமில்ல, விடுங்க, நானே போறன்" என்று குடையையும் விட்டுவிட்டு ஓடினீர்கள். கடையில் இருந்ததே இரண்டு பல்ப்தான். வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

நாலும் எரிந்தது. வெப்பமானி கொஞ்சம் ஏறிவிட்டு நின்றுவிட்டது. மருத்துவிச்சியம்மா, "காலெல்லாம் குளிர்ந்துதான் கிடக்கு" என்றார். அவருடைய குரல் மாறியிருந்தது. நீங்கள் "கணக்குச் சரிதானே, கணக்குச் சரிதானே" என்று திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். முதல் பிள்ளையைக் கொண்டுபோன அன்றும் இப்படித்தான் அடுத்த அறையில் எல்லோரும் மெல்லக் கதைத்தார்கள்.

கண்ணை மூடினேன். வேறு என்ன செய்ய ஏலும்? உங்கள் ஜெட்டிதான் வந்தது. பின்னால் நிற்கிற சனம் பாதித் தள்ளுத்தான் தள்ளுகிறது. தள்ளு குறைந்தால் பலகையால் போகிற ஆட்களும் குறைவார்கள்தானே? போகிறவர்களும் பாதி. தள்ளும் பாதி, ஆளும் பாதி. இரண்டையும் பெருக்கினால்?

"டீச்சர்!" என்று கத்தினேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "தள்ளு பாதியாப் போனா ஆக்களும் பாதியாத்தானே போவினம்? பாதியில பாதி!"

அடுத்த கணம் இருவரும் ஒன்றாகக் கத்தினோம், "கால்வாசி!"

வோற்று அரைவாசியானால் வாற்று கால்வாசி. அறுபது வாற்று பல்ப் முப்பதல்ல, பதினைந்துதான் தரும். நாலல்ல, எட்டு பல்ப் வேண்டும். "அல்லாவே, நான் கீறின ஜெட்டியில நானே தவறி விழுந்திட்டன்" என்றீர்கள்.

இன்னும் நாலுக்கு எங்கே போவது? ஹாஜியார் வந்தார். உங்களுடைய கதையைக் கேட்டுவிட்டு, "பல்ப் பள்ளிவாசல்ல இரிக்கி, கழட்டித் தாரன். ஆனா எட்டையும் போட்டா என்ட எஞ்சின் தாங்குமா?" என்று கேட்டார். தகட்டில் ஒரு கிலோவாற்று என்று போட்டிருக்கிறது என்றீர்கள்.

"கிலோ எண்டா?"

"ஆயிரம், ஹாஜியார். ஒரு கிலோவாற்று எண்டா ஆயிரம் வாற்று. எட்டு அறுபதும் முழுசா எரிஞ்சாலே நானூற்றெண்பது. அதுவும் கால்வாசிதான் எரியப்போகுது."

"ஆயிரம் எண்டு எழுதுறதுக்கென்ன, மை முடிஞ்சா போகும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே மழையில் இறங்கினார். பள்ளிவாசல் முன்வாசலில் ஏணி வைத்து அவரே ஏறிப் பல்ப் கழற்றினாராம். வயரும் ஹோல்டரும் தேடி, பெட்டியில் துளையிட்டு, எல்லாவற்றையும் பூட்டி எடுக்க நேரம் போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் முழுக்க உங்கள் சத்தம் கேட்கவில்லை. "டீச்சர், என்ன நடக்குது?" என்று நான் கேட்கக் கேட்க, "பொறுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னீர்கள், அதுவும் மெல்லிய குரலில். கணக்குப் பிழைத்துவிட்ட வெட்கத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

பள்ளிவாசல் பல்ப்களில் வருஷக்கணக்கான தூசி. எட்டும் ஒன்றாக எரிந்தபோது அந்தக் கருகல் வாசம் தட்டிக்கு மேலால் என்னிடம் வந்தது. பிறகு வெப்பமானியை நீங்கள் வாசித்த குரல். முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டு முடிகிறபோது மருத்துவிச்சியம்மா வந்து என் நெற்றியைத் தடவி, "காலில சூடு பிடிச்சிட்டுது, பிள்ளை பால் தேடுறா" என்றார். நான் அழுத அழுகையைக் கேட்டு, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று மில்லில் நின்றவர்களெல்லாம் ஓடிவந்தார்கள்.

கடல் அடங்கி இவர் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். கிழமைக்கணக்காக அந்தப் பெட்டிதான் அவளுக்கு வீடு. ஹாஜியார் ஜெனரேற்றரை நிறுத்தவே இல்லை. மில்லுக்கு நெல் கொண்டுவருகிற ஆட்கள் முன்னறை யன்னலால் எட்டிப் பார்த்து, "கரண்டுப் பிள்ளை என்ன செய்யுது?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவீர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவீர்கள். வோற்று என்று எழுத வேண்டிய இடத்தில் வாற்று என்று எழுதியவனுக்கு மட்டும் புள்ளி கொடுக்கவே மாட்டீர்கள்.

நான் எத்தனையோ தரம் நன்றி சொல்லப் பார்த்திருக்கிறேன். "பிழையாக் கணக்குச் செஞ்சவளுக்கு என்ன நன்றி? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். கடைசியில் நானும் அதை நம்பிவிட்டேன். என் பிள்ளையைக் காப்பாற்றியது நான் படுக்கையில் கிடந்து செய்த கணக்குத்தான் என்று. வகுப்புகளிலும் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிற அன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன், மகளையும் கூட்டிக்கொண்டு. மருத்துவிச்சியம்மாவும் வந்திருந்தார். வேலையில் இருந்து ஓய்வுபெற்று, நன்றாக வயது போய்விட்டது. மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"பல்ப் வருமட்டும் பிள்ளை தாங்காது எண்டு எனக்குத் தெரியும். நீலம் பாயத் தொடங்கிட்டுது. தாயும் இரத்தம் போய்க் குளிர்ந்து கிடக்கிறா, அவவின்ர நெஞ்சில வைச்சுப் பிரயோசனமில்லை. 'டீச்சர், நீங்கள் வைச்சிருக்கிறீங்களோ' எண்டு கேட்டன். அந்த மனுசி ஒரு கேள்வி கேக்கேல்லை. ஈரச் சட்டையைக் கழட்டிப் போட்டு, பிள்ளையை வெறும் நெஞ்சோட அணைச்சு, என்ர போர்வையால மூடிக்கொண்டு மூலையில இருந்தா. எட்டு பல்ப்பும் எரியுமட்டும் அசையேல்லை. அந்தச் சூட்டிலதான் நீ உயிரோட நிண்டனீ பிள்ளை."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"டீச்சர்தான் சொல்ல வேண்டாம் எண்டவ. 'முதல் பிள்ளையைப் பறிகுடுத்த மனுசி. இந்தப் பிள்ளையை முதல்ல நெஞ்சில வைச்சது வேற ஆள் எண்டு தெரிஞ்சா அவட மனசு நோகும்' எண்டு சொன்னவ."

டீச்சர், இது உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா? எனக்கு மனம் நோகுமாம்! இருபது வருஷத்துக்கு மேலாக என்னோடு தேத்தண்ணி குடித்தீர்கள், பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பினீர்கள், என் மகளின் ஒவ்வொரு சோதனை முடிவுக்கும் என்னைவிட முதலில் சந்தோசப்பட்டீர்கள், இதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. மனம் நோகவில்லை டீச்சர். சத்தியமாக நோகவில்லை. என் பிள்ளைக்கு உலகத்தில் முதலில் கிடைத்த நெஞ்சு உங்களுடையது என்று கேட்டதிலிருந்து எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. அவள் அந்த நேரம் தனியாகக் கிடக்கவில்லை.

லோஞ்சில் திரும்பி வீட்டுக்கு வந்ததும் மகள் அலுமாரியைத் திறந்து தன் புத்தகங்களைக் கிளறினாள். கம்பஸ் லீவில் வந்து நிற்கிறாள், உயிரியல் படிக்கிறாள். ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாள். வளர்ந்த ஓர் ஆள் சும்மா இருந்தாலே உடம்பிலிருந்து வெளியாகிற சூடு, கிட்டத்தட்ட நூறு வாற்று என்று போட்டிருந்தது.

"அம்மா, அண்டைக்குப் பெட்டிக்கு எவ்வளவு தேவைப்பட்டது?"

"அறுபது வாற்று ரெண்டு. நூற்றிருபது."

"அது பெட்டி முழுக்கச் சூடாக்க. என்னை மட்டும் சூடாக்க டீச்சர் தனிய ஒரு ஆளே போதும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழைநாளில் பஸ்ஸில் பக்கத்தில் நெருக்கி இருக்கிற முன்பின் தெரியாத பெண்ணையும், வகுப்பில் வரிசையாக இருக்கிற பிள்ளைகளையும் பார்க்கும்போது, ஒவ்வொருவரும் நூறு வாற்று என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்த நாட்டில் நாலு பேர் கூடினால் என்ன நடக்குமோ என்று பயப்படுகிற காலம் இது. எனக்கென்னவோ, இத்தனை சூடு கிடக்கிறபோது எல்லாம் கெட்டுப்போய்விடாது என்றே தோன்றுகிறது. அதற்கு வோற்றும் தேவையில்லை, ஜெனரேற்றரும் தேவையில்லை. ஒருத்தர் தன் நெஞ்சைக் கொடுத்தால் சரி.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் எழுத எழுத மகள் குசினியில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். பிட்டு ஆறுகிறதாம், எத்தனை தரம் கூப்பிடுவது என்று ஏசுகிறாள். நீங்கள் கொடுத்த சூடுதான் டீச்சர், இப்போது குசினியில் நின்று என்னோடு சண்டை பிடிக்கிறது.